ரிப்பீட்டருக்கு ஒரு கழித்தல் குறி

ரேடியோ லைசென்ஸுக்கான மோர்ஸ் பரீட்சையில் நான் முதல் தடவையே தேறிவிட்டேன். என் வீட்டுக்காரர் இரண்டாம் தடவைதான் தேறினார். எந்தக் கதையை ஆரம்பித்தாலும் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொள்வார். குறைப்பட்டுக்கொள்ளட்டும். உண்மையை யாராவது ஒருவர் சொல்லத்தானே வேண்டும்.

அவருடையது திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கும் குடும்பம். முறை வரும் மாதங்களில் இருட்டோடு மலையேறி, விறகடுப்பில் பொங்கலும் புளியோதரையும் இறக்கிவிட்டு, உடம்பெல்லாம் புகையும் நெய்யும் மணக்க வீட்டுக்கு வருவார். வந்ததும் குளிப்பதற்கு முன்னாலேயே ரேடியோ முன் உட்காருவார். தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் ஹாம் ரேடியோ என்றால் யாருக்கும் தெரியாது. மொட்டைமாடியில் கம்பம் நட்டு, அதன்மேல் மீன் முள் மாதிரி ஏரியல் கட்டியதைப் பார்த்து, கேபிள் டிவி நடத்தப் போகிறோம் என்று மாதச் சந்தா விசாரித்துக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். லைசென்ஸ் வாங்கி, யாரிடமும் காசு வாங்காமல், வெறுமனே பேசிக்கொள்வதற்காக ஒரு ரேடியோ என்றதும், அவர்கள் முகத்தில் எங்கள்மேல் ஒரு பரிதாபம் வந்தது.

எங்கள் வீடு மலைக்கு வடக்கே, அடிவாரத்தில். கையில் பிடிக்கிற செட்டை வைத்துக்கொண்டு நேராகப் பேசினால் நாலு தெரு தாண்டாது. தூரத்தில் ஒரு குன்றின்மேல் ரிப்பீட்டர் என்று ஒரு பெட்டி இருந்தது. நாம் பேசுவதை அது கேட்டு, பெரிய குரலில் திருப்பிச் சொல்லும். சுற்று வட்டாரம் முழுக்கக் கேட்கும். ஆனால் அது கேட்கிற அலைவரிசை வேறு, சொல்கிற அலைவரிசை வேறு. கோயிலில் உள்ளே போகிற வழி ஒன்று, வெளியே வருகிற வழி இன்னொன்று இருக்கிறதே, அதுபோல. அவருடைய பழைய செட்டில் இந்த இரண்டு வழியையும் யாரோ உள்ளேயே பற்றவைத்துக் கொடுத்திருந்தார்கள். அவர் பொத்தானை அழுத்துவார், பேசுவார், அவ்வளவுதான்.

தினமும் காலையில் அந்த ரிப்பீட்டரில் எல்லோரும் கூடுவார்கள். அதற்கு நெட் என்று பெயர். நடத்தியவர் ஒரு பல் டாக்டர். கிளினிக் கதவைத் திறப்பதற்கு முன் அரை மணி நேரம் நெட்டைத் திறப்பார். "வணக்கம், யாரெல்லாம் இருக்கீங்க?" என்று கேட்ட மறு நொடியே முதல் ஆளாக இவர் குரல் கொடுப்பார். இவருக்குப் பிறகு ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் வைத்திருந்தவர் வருவார். அவர் குரலுக்குப் பின்னால் எப்போதும் தறி தடதடத்துக்கொண்டிருக்கும். அப்புறம் மற்றவர்கள். பேசுவது என்னவோ மழையும் மாவடுவும்தான். ஆனாலும் அந்த அரை மணிக்காக இவர் மலையிலிருந்து மூச்சிரைக்க இறங்கி ஓடிவருவதை ஊரே பார்த்திருக்கிறது.

அந்த மூச்சிரைப்பை ஓட்டத்தின் களைப்பு என்றே நினைத்திருந்தோம். புகை நெஞ்சில் இறங்கிவிட்டது என்று பிறகு தெரிந்தது. இனி விறகடுப்பு முன் நிற்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். முறையைத் தம்பி எடுத்துக்கொண்டார். அதுவரை ஆயிரம் பேர் பசிக்குச் சமைத்துக்கொண்டிருந்த மனிதர், வீட்டில் நான் குழம்பு தாளிப்பதைப் பார்த்து, "கடுகு இன்னும் வெடிக்கல" என்று சொல்கிற வேலையில் வந்து உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் அவரை நிமிர்த்தி வைத்திருந்தது காலை நெட் ஒன்றுதான். இது எனக்குத் தெரியும். அதனால்தான் நானும் அடுப்படியில் ஒரு சின்ன ரிசீவரை வாங்கி வைத்துக்கொண்டேன். அதில் பேச முடியாது, கேட்க மட்டும் முடியும். ரிப்பீட்டர் சொல்கிற அலைவரிசையில் அதைத் திருகி நிறுத்தியிருந்தேன். தோசை வார்த்துக்கொண்டே அவர் நாலு பேரோடு சிரிப்பதைக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

இதற்கு நடுவில் ஒரு சண்டை வந்தது. எங்கிருந்தோ வந்த வேறு அலை ஒன்று ரிப்பீட்டரைத் திறந்து திறந்து விசிலடித்தது. அதைத் தடுக்க டாக்டர் ஒரு வழி சொன்னார். இனி டோன் போட்டால்தான் ரிப்பீட்டர் திறக்கும். டோன் என்பது காதுக்குக் கேட்காத ஒரு சின்ன ஒலி, ஒரு சாவி மாதிரி. புதுச் செட்களில் அது இருக்கிறது. இவருடைய பழைய செட்டில் இல்லை.

இவருக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லோரும் கேட்க, நெட்டிலேயே கத்தினார். "வூட்டுக்குப் பூட்டுப் போட்டாச்சு, பழைய ஆளு வெளிய நில்லுன்றீங்க, அதானே? போடுங்க. இனிமே உங்க வாசல்ல நான் கால் வெக்கமாட்டேன்."

டாக்டர் சமாதானமாக ஏதோ சொல்ல வந்தார். இவர் செட்டை அணைத்துவிட்டார். வாரம் திரும்புவதற்குள் டோன் வந்தது. இவர் குரல் நின்றது.

பழைய செட்டில் கேட்க மட்டும் முடியும். கேட்டார். ஒரு நாள் விடாமல் கேட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பேப்பர் படிக்கிற மாதிரி கேட்டார். சில மாதம் போனது. ஒரு நாள் மதராஸ் போனவர், யாரோ கைமாற்றிக் கொடுத்த ஒரு டிஜிட்டல் செட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். திருகு எதுவும் இல்லை. எல்லாம் பட்டன்கள், ஒரு சின்னத் திரை. மேனுவலின் ஜெராக்ஸ் ஒன்று கூடவே வந்தது.

"டோன் இருக்குதா இதுல?" என்றேன்.

"இருக்குது" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வீம்பை விட்டு இறங்கி வருகிற மனிதரைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு நான் கெட்டவள் இல்லை.

அந்தச் செட்டுக்கு ரிப்பீட்டரைச் சொல்லிக்கொடுப்பது லேசாக இல்லை. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு மேனுவலைப் படிப்பார், நான் பட்டனை அழுத்துவேன். ஒரு பட்டனுக்கும் அடுத்த பட்டனுக்கும் நடுவில் கொஞ்சம் தாமதித்தால் போதும், கீச் என்று கத்திவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே போய்விடும். அவர் இங்கிலீஷை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அது மூன்று தரம் கீச் என்றது.

"சீக்கிரம் படிங்களேன்."

"நீ சீக்கிரம் அமுத்தேன்."

"நீங்க படிச்சாத்தானே அமுத்துறது?"

"மோர்ஸ்ல பாஸானவங்களுக்குக் கைல வேகம் இருக்கணுமே!"

அலைவரிசையைப் போட்டோம். பிறகு டோன். அதற்கே இரண்டு மத்தியானம் போனது. மேனுவலின் டோன் பட்டியலில் இருந்த எண்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்து எண்கள். ஒன்று தப்பினாலும் திறக்காது. அவர் புத்தி முழுக்க டோனிலேயே இருந்தது. அவரை வெளியே நிறுத்தியது டோன்தானே. டாக்டர் நெட்டில் அறிவித்திருந்த எண் வந்ததும், "ஆங், அதான், அதான், வுட்டுறாத!" என்று கத்தினார். நான் மெமரிப் பட்டனை அழுத்திப் பிடித்தேன். நீளமாக ஒரு கீச். பதிந்துவிட்டது.

"யாரையாவது கூப்புட்டுப் பாருங்க, போகுதான்னு" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "மலை மேல பொங்கல ருசி பாத்தா அனுப்புறோம்?"

மடப்பள்ளியில் அது வழக்கம். சாமிக்குப் படைப்பதற்கு முன் சமைத்தவர் நாக்கில் ஒரு பருக்கைகூட வைக்கக் கூடாது. உப்பும் இனிப்பும் கையளவிலும் வாசனையிலும்தான் தெரிய வேண்டும். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த மனிதர், இத்தனை நாள் கழித்து நெட்டுக்குப் போகிற முதல் குரலை எச்சில் பண்ணிவிட்டு எடுத்துப் போக ஒப்பவில்லை. அதிகமாகப் போனால் வாசனை பார்க்கலாம் என்றார். முன்னறையிலிருந்து செட்டை அழுத்தி மெல்லப் பேசினார். அடுப்படியில் என் ரிசீவரில் கணீரென்று கேட்டது.

"கேக்குதா?"

"பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேக்குது."

இரண்டு பேருக்கும் பரம சந்தோஷம். அன்று ராத்திரி அவரே பாயசம் வைத்தார்.

மறுநாள் காலை குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, செட் முன் உட்கார்ந்தார். டாக்டர் நெட்டைத் திறந்தார். "வணக்கம், யாரெல்லாம் இருக்கீங்க?" பிறகு பேசாமல் இருந்தார். இவர் பட்டனை அழுத்தி, லைசென்ஸோடு கொடுத்த தன் அழைப்புக்குறியைச் சொன்னார். "திருத்தணியிலிருந்து வணக்கம். எல்லாரும் சௌக்கியமா?" என்றார். அடுப்படியில் என் ரிசீவரிலும் அது கேட்டது.

பதில் வரவில்லை. இன்னொரு தரம் சொன்னார். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு டாக்டர், "சரி... அடுத்தவங்க வரலாம்" என்றார். தறிச் சத்தத்தோடு பவர்லூம்காரர் வந்தார். நெட் அதன் பாட்டுக்கு நடந்தது.

நான் கரண்டியோடு முன்னறைக்கு வந்தேன். அவர் செட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கலையோ என்னவோ" என்றேன்.

"உனுக்குக் கேட்டுச்சு இல்ல?"

"கேட்டுச்சே. நல்லா கேட்டுச்சு."

"அப்ப அவங்களுக்கும் கேட்டிருக்கும்." செட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் சொல்லிக் குடுத்ததுதான்" என்றார்.

எனக்கும் புரிந்தது. சில வருஷங்களுக்கு முன் எவனோ ஒருவன் ரிப்பீட்டரில் வந்து கண்டபடி வாய் நீட்டிக்கொண்டிருந்தான். ஆளாளுக்கு அவனோடு மல்லுக்கு நின்றார்கள். இவர்தான் வழி சொன்னார். பதில் சொல்லாதீங்க. அப்படி ஒரு ஆளே இல்லாத மாதிரி பேசிகினு போங்க, தானா போயிடுவான். அப்படியே செய்தார்கள், அவனும் போய்விட்டான். அன்றிலிருந்து நெட்டில் அது சட்டம் மாதிரி ஆகிவிட்டது. வாசலில் கால் வைக்கமாட்டேன் என்று கத்திவிட்டுப் போனவருக்கு இப்போது அதே சட்டம்.

இத்தனை வருஷம் ரேடியோ பிடித்தவருக்குச் செட்டின்மேல் ஒரு சந்தேகம் வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வரவில்லை. மனசு குத்திக்கொண்டிருக்கும்போது மெஷின்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, மனுஷர்கள்மேல்தான் வருகிறது. போதாததற்கு அடுப்படியில் சாட்சியாக நான் வேறு இருந்தேன்.

அவர் விடவில்லை. தினமும் டாக்டர் கேட்டுவிட்டு நிறுத்துகிற அந்த இடத்தில் தன் குறியைச் சொல்வார். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். "திருத்தணியிலிருந்து வணக்கம்" மட்டும்தான். தினமும் அதே மௌனம், அதே "சரி". அந்தச் "சரி" என்னை எரித்தது. வாசலில் வந்து நிற்கிறவனைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரி ஒரு "சரி". போன் போட்டுக் கேட்கிறேன் என்றேன். செய்யக் கூடாது என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டு வாங்குறது மரியாத இல்ல" என்றார்.

ஒரு நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் கையிலிருந்து செட்டைப் பிடுங்கினேன். எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது, முதல் தடவையே தேறியவள். பட்டனை அழுத்தி, "இன்னா டாக்டரே, ஊர்ல இருக்கறவன் சொத்தப் பல்லையெல்லாம் புடுங்கறீங்களே, உங்க மனசுல இருக்கற சொத்தைய எவன் புடுங்கறது?" என்று ஆரம்பித்தேன். பவர்லூம்காரரையும் விடவில்லை. அவர் நெய்கிற லுங்கி முதல் தண்ணியிலேயே சாயம் போகிறதே, அதையும் சொன்னேன். மூச்சு வாங்கி நிறுத்தினபோது டாக்டர் நிதானமாக மழை நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இத்தனை திட்டியும் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. என்ன கட்டுப்பாடு! என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு அவர் குரல் சின்னதாகிப்போனது. குறியைச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார். சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் சொல்வதில்லை. மடப்பள்ளியை விட்டபோதுகூட அவர் அப்படி ஆகவில்லை. உடம்பு சரியில்லை, அதனால் விட்டேன் என்று சொல்லிக்கொள்ள அப்போது ஒரு காரணம் இருந்தது. இப்போது இத்தனை வருஷப் பழக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அப்படித்தான் நாங்கள் நம்பினோம். அந்த டாக்டரை நான் மனதார வெறுத்தேன்.

அந்தச் சமயத்தில் அரக்கோணத்தில் என் அக்காவின் மகளுக்கு வளைகாப்பு வந்தது. முதல் நாளே போனேன். பழக்கம் விடவில்லை, அடுப்படி ரிசீவரைத் துணிப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். விடிந்ததும் அக்கா வீட்டு மாடியில் காயப்போட்ட வடாத்துக்கு நடுவில் உட்கார்ந்து அதைத் திருகினேன். டாக்டர் குரல் வந்தது. "வணக்கம், யாரெல்லாம் இருக்கீங்க?"

நிறுத்தினார். நான் என் வீட்டுக்காரர் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

ஒன்றுமில்லை. வெறும் இரைச்சல். தினமும் என் அடுப்படியில் அவர் குரல் கேட்கிற இடம் காலியாகக் கிடந்தது. பிறகு டாக்டர், "சரி..." என்றார்.

 மூச்சிழுப்பு வந்து விழுந்துவிட்டாரோ? தடதடவென்று கீழே ஓடினேன். அக்கா வீட்டுக்காரரை நான் பாவா என்பேன், ரயில்வேயில் வேலை. அவர் வீட்டில் போன் உண்டு.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்று பாவா பதறினார். நான் எண்ணைச் சுழற்றினேன். முதல் மணியிலேயே இவர் எடுத்தார்.

"உடம்பு எப்படிங்க இருக்குது? இன்னிக்கு ஏன் நெட்ல கூப்புடல?"

"கூப்புட்டேனே" என்றார். "ரெண்டு தபா கூப்புட்டேன். எப்பவும் போலத்தான்."

நான் போனைப் பிடித்தபடி நின்றேன். அரக்கோணத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் மலை இருக்கிறது. ரிப்பீட்டர் சொல்வது இரண்டு இடத்திலும் கேட்கும். ஆனால் அவர் குரல் ரிப்பீட்டருக்குள் போயிருந்தால்தானே அது வெளியே வரும்? அடுப்படியில் நான் இத்தனை நாள் கேட்டது ரிப்பீட்டரை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரை, நேராக. அவர் பேசியது என் ரிசீவரைத் தவிர உலகத்தில் ஒருத்தருக்கும் கேட்கவில்லை.

"யாரும் உங்கள ஒதுக்கலங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது. "நீங்க பேசுனது அவங்களுக்குப் போகவே இல்ல. செட்டத் தொடாதீங்க, நான் வரேன்."

வளையல் போட்டு முடித்த கையோடு, பாவா கட்டிக் கொடுத்த கலந்த சாதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். வீட்டுக்கு வந்தபோது அவர் மேனுவலின் ஜெராக்ஸைத் தரையெல்லாம் பரப்பி, நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிமிர்ந்தார்.

"மைனஸ்" என்றார். "மைனஸ் போடல நாம."

ரிப்பீட்டர் கேட்கிற வழி, சொல்கிற வழிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. பேசும்போது மட்டும் அவ்வளவு கீழே இறங்கிப் பேசு என்று செட்டுக்குச் சொல்ல ஒரு கழித்தல் குறி போட வேண்டும். பழைய செட்டில் அது உள்ளேயே இருந்ததால் அவர் அதை ஒருநாளும் தொட்டதில்லை. டோனுக்கே உயிரை விட்ட இரண்டு பேரும் இதைத் தாண்டிப் போயிருந்தோம். கையில் சாவியை வைத்துக்கொண்டு, வெளியே வருகிற வழியில் நின்று உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷர். அந்தப் பக்கத்தை அவர் படிக்கவில்லையா, அவர் படித்து நான் அழுத்தவில்லையா என்பது எங்கள் வீட்டில் இன்றுவரை தீராத வழக்கு.

அவர் படித்தார், நான் அழுத்தினேன். இந்தத் தரம் ஒரு கீச் கூட இல்லை. திரையின் மூலையில் எறும்பு அளவுக்கு ஒரு கோடு வந்து நின்றது. என் திட்டு எங்கும் போய்ச் சேராதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மலையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

மறுநாள் காலை அடுப்பை அணைத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். டாக்டர் வந்தார். "வணக்கம், யாரெல்லாம் இருக்கீங்க?" நிறுத்தினார்.

இவர் அழுத்தினார். குறியைச் சொன்னார். "திருத்தணியிலிருந்து வணக்கம்." கையை எடுத்ததும், பேசியதை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக ரிப்பீட்டர் போடுகிற டக் சத்தம், பல மாதம் கழித்து அவர் குரலுக்குக் கேட்டது.

 பிறகு நாலைந்து பேர் ஒரே சமயத்தில் பேச, எல்லாம் ஒன்றாகக் கலந்து கீறலாகக் கேட்டது. அது ஓய்ந்ததும் பவர்லூம்காரர் குரல் வந்தது. பின்னால் தறிச் சத்தம் இல்லை. அவருடைய தறி நின்று நான் கேட்டதே இல்லை. "சாமி, நீங்களா? நெசமா நீங்களா?" என்றார்.

டாக்டர் எல்லோரையும் அமர்த்தினார். "கோவம் தீந்துச்சா சாமி?" என்றார். "நீங்க எப்ப வந்தாலும் மொத ஆளா வரணும்னு, தெனமும் நெட்டத் தொறந்ததும் உங்க எடத்த விட்டுவெச்சு காத்துகினு இருப்பேன். வரலன்னதும் சரின்னு மேல போவேன். இவங்க யாரும் அதுல பூந்து பேசமாட்டாங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். தினமும் அந்த இடத்தில்தான் அவர் தன் வணக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதில் சொல்லப் பட்டனை அழுத்தினார். வாய் திறந்தது, குரல் வரவில்லை. அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தார், கண்ணில் தண்ணீர் இறங்கியது. செட்டை நான் வாங்கலாமா என்று கை நீட்டினேன், தரவில்லை. கடைசியில் விரலை எடுத்தார். டக் என்றது.

"பேசாம அமுத்திகினு இருந்தது நீங்கதான்னு தெரியுது சாமி" என்றார் டாக்டர். "இருங்க. அவசரமில்ல, கிளினிக்க இன்னிக்கு லேட்டாத் தொறந்துக்கறேன்."